மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: நரம்புறையைத் தாக்கும் நோயெதிர்ப்பு செல்கள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றிலுள்ள நரம்பிழைகளின் மேலுறை ஆங்காங்கே அழிந்துபோகும் நீண்டகால நோய். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். உலகில் ஏறத்தாழ 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும். ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்குதல், கை கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், சிறுநீரை அடக்க முடியாமை, ஓய்வெடுத்தும் தீராத அசதி என அறிகுறிகள் ஆளுக்கு ஆள் மாறும். உறை எங்கே அழிகிறதோ அந்தப் பகுதியின் வேலை கெடுவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

உறையை அழிப்பது வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல. கிருமிகளிடமிருந்து உடலைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே இந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் எந்த வகை செல் முதல் குற்றவாளி என்ற கேள்விக்கு, கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் விடை பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் விடையை மாற்றியது ஒரு சோதனையோ, ஒரு மருந்தின் வெற்றியோ, இன்னொரு மருந்தின் தோல்வியோதான்.

உறையும் அதன் அழிவும்

நரம்பு செல்லிலிருந்து நீளும் இழைக்கு ஆக்சான் என்று பெயர். அதன் மேல் கொழுப்பும் புரதமும் கலந்த மையலின் என்ற உறை பல அடுக்குகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. உறைக்கு நடுவே சீரான தூரத்தில் சிறு இடைவெளிகள் உண்டு. மின்துடிப்பு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவிச் செல்கிறது. இதனால் உறையுள்ள தடித்த இழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரை பாய்கிறது. உறையில்லாத மெல்லிய இழைகளில் அது நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கே நகரும்.

மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த உறையை நெய்பவை ஆலிகோடென்ட்ரோசைட் என்ற துணை செல்கள். ஒரே ஆலிகோடென்ட்ரோசைட் 50 இழைத் துண்டுகள் வரை உறையிட வல்லது. ஆகவே அப்படி ஒரு செல் செத்தால் பல இழைகள் ஒருசேரப் பாதிக்கப்படுகின்றன. உறை போன இழையில் செய்தி தாமதப்படுகிறது அல்லது வழியிலேயே நின்றுவிடுகிறது. நாளடைவில் இழையும் அறுந்துபோகலாம். அதன் பிறகு வரும் ஊனம் நிரந்தரமானது.

பாரீஸ் நகரின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான்-மார்ட்டின் ஷார்கோ 1868-ல் இதைத் தனி நோயாக வரையறுத்தார். இறந்த நோயாளிகளின் மூளையில் கெட்டிப்பட்ட திட்டுகள் சிதறிக் கிடந்ததை அவர் விவரித்தார். 1916-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் டாசன் நுண்ணோக்கியில் பார்த்து, இத்திட்டுகள் சிறு சிரைகளைச் சுற்றி உருவாவதையும் அங்கே அழற்சி செல்கள் குவிந்திருப்பதையும் பதிவுசெய்தார். நோய்க்குக் காரணமான செல்கள் ரத்தத்தின் வழியாக வருகின்றன என்பதற்கான தடயம் அப்போதே கிடைத்துவிட்டது.

வெறிநாய்க்கடி ஊசி தந்த துப்பு

உடலே தன் நரம்புறையைத் தாக்கக்கூடும் என்பது முதலில் தெரியவந்தது வேறொரு நோய்க்கான தடுப்பூசியால். வெறிநாய்க்கடிக்குப் பாஸ்டர் உருவாக்கிய தடுப்பூசி, நோய் கண்ட முயலின் தண்டுவடத்திலிருந்து தயாரானது. 1911-ல் இமாசலத்தின் கசௌலியில் டேவிட் செம்பிள், விலங்கு மூளைத் திசுவிலுள்ள வைரஸை பீனாலால் செயலிழக்கச் செய்து ஒரு தடுப்பூசி தயாரித்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உட்பட இந்தியாவின் பல நிலையங்கள் நீண்ட காலம் விலங்கு மூளைத் திசுவிலிருந்தே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தயாரித்தன. நாய் கடித்தால் வயிற்றில் 14 ஊசி என்று ஒரு தலைமுறையே அஞ்சியது இந்த ஊசிக்குத்தான்.

ஊசி போட்டவர்களில் சிலருக்குச் சில நாட்களில் கை கால் செயலிழந்தது. வெறிநோய் வைரஸ் இதற்குக் காரணமல்ல. ஊசி மருந்தில் கலந்திருந்த மூளைத் திசுதான் காரணம் என்ற ஐயம் எழுந்தது. அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் 1933-ல் இதைச் சோதித்தார். ஆரோக்கியமான முயலின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தியபோது சில குரங்குகளுக்கு வாதம் கண்டது. அவற்றின் மூளையில் சிரைகளைச் சுற்றி அழற்சியும் மையலின் அழிவும் தெரிந்தன. கிருமி எதுவுமில்லாமல், மையலினைக் காட்டியே நோயெதிர்ப்பு அமைப்பை அதன்மேல் ஏவிவிட முடியும் என்பது நிரூபணமானது. இந்தச் செயற்கை நோய்தான் இன்றும் எம்.எஸ். ஆய்வுக்கான விலங்கு மாதிரி. மூளைத் திசுத் தடுப்பூசி இந்தியாவில் 2005 வாக்கில் கைவிடப்பட்டு, செல் வளர்ப்பு முறையில் தயாராகும் பாதுகாப்பான ஊசிகள் அந்த இடத்துக்கு வந்தன.

டி செல்கள்

தாக்குவது ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதமா, செல்லா என்பது அடுத்த கேள்வி. 1960-ல் பிலிப் பேட்டர்சன், நோய் தூண்டப்பட்ட எலியின் நிணநீர் முடிச்சுகளிலிருந்து எடுத்த செல்களை ஆரோக்கியமான எலிக்குச் செலுத்தி நோயை மாற்றிக் காட்டினார். 1981-ல் ஆவ்ரஹாம் பென்-நுன், ஹார்ட்முட் வெக்கர்லே, இருன் கோஹன் மூவரும் மையலின் புரதத்தை மட்டும் அடையாளம் காணும் டி செல்களைத் தனியே வளர்த்து, அவையே நோயை உண்டாக்கப் போதும் என்று காட்டினார்கள். அதன் பிறகு எம்.எஸ். டி செல்களின் நோய் என்றே பாடப்புத்தகங்கள் எழுதின.

டி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன. உடலின் சொந்தப் புரதங்களைத் தீவிரமாகப் பற்றும் செல்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆனால் இந்த வடிகட்டலில் எல்லாம் சிக்குவதில்லை. நோயில்லாதவர்களின் ரத்தத்திலும் மையலினை அடையாளம் காணும் டி செல்கள் உண்டு. அவற்றை அடக்கி வைப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். இவ்வகை செல்களைக் கண்டறிந்ததற்கும், அவற்றை ஆளும் மரபணுவை அடையாளம் கண்டதற்குமாக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கு 2025-ன் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. எம்.எஸ். நோயாளிகளிடம் இந்த ஒழுங்குபடுத்தும் செல்கள் எண்ணிக்கையில் குறைவதில்லை. அடக்கும் திறனில்தான் பின்தங்குகின்றன.

தாக்கும் டி செல்களில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. சிடி4 வகை செல்கள் மற்ற செல்களைத் தூண்டிவிடும். அவற்றில் ஒரு கிளை காமா இன்டர்பெரானைச் சுரக்கிறது; டிஎச்17 எனப்படும் மற்றொரு கிளை இன்டர்லூகின்-17-ஐச் சுரக்கிறது. சிடி8 வகை செல்கள் இலக்கை நேரடியாகக் கொல்லும். விலங்கு மாதிரியில் சிடி4 செல்களே முன்னணியில் நிற்கின்றன. மனித மூளைத் திட்டுகளிலோ சிடி8 செல்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். விலங்கில் பலித்த பல மருந்துகள் மனிதரிடம் பொய்த்துப்போனதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

டி செல்கள் தாம் அடையாளம் காணும் பொருளை, அதாவது ஆன்டிஜெனை, தனியாகப் பார்ப்பதில்லை. வேறொரு செல் தன் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ. மூலக்கூறில் ஏந்திக் காட்டும் புரதத் துண்டையே பார்க்கின்றன. எம்.எஸ். வாய்ப்பைக் கூட்டும் 200-க்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளில் முதலிடம் பெறுவது எச்.எல்.ஏ.-டிஆர்பி1*15:01 வகை, இதைக் கொண்டவர்களுக்கு நோய் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. மற்றவற்றில் பெரும்பாலானவையும் நோயெதிர்ப்பு செல்களின் வேலையோடு தொடர்புடையவை. ஆனாலும் மரபணு மட்டுமே விதியல்ல. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் மற்றவருக்கும் வருவது நான்கில் ஒரு பங்கு அளவே.

சிரைச் சுவரைக் கடக்கும் விதம்

மூளையின் ரத்தக்குழாய்களில் உட்சுவர் செல்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருக்கின்றன. ரத்தத்திலுள்ள பல பொருள்களும் பெரும்பாலான செல்களும் இந்த ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்ட முடியாது. எம்.எஸ். நோயில் டி செல் இதைத் தாண்டுவது படிப்படியாக நடக்கிறது. ஏற்கெனவே நிணநீர் முடிச்சில் தூண்டப்பட்ட செல் முதலில் சிறு சிரையின் சுவரை ஒட்டி உருள்கிறது. அதன் மேற்பரப்பிலுள்ள ஆல்பா-4 இன்டெக்ரின் என்ற மூலக்கூறு, சுவரிலுள்ள விகேம்-1 என்ற மூலக்கூறைப் பற்றியதும் ரத்த ஓட்டத்தையும் மீறி செல் நின்றுவிடுகிறது. பிறகு தட்டையாகி, சுவர் செல்களை ஊடுருவி, சிரைக்கும் மூளைத் திசுவுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வெளிக்கு வந்துசேர்கிறது.

அங்கேயும் அதற்கு உடனே உள்ளே அனுமதி இல்லை. அந்த வெளியில் காத்திருக்கும் மேக்ரோபேஜ் போன்ற செல்கள் தம் எச்.எல்.ஏ. மூலக்கூறில் மையலின் துண்டைக் காட்டினால் டி செல் மறுபடி தூண்டப்படுகிறது. அதன் பிறகே அது சைட்டோகைன்கள் என்ற செய்தி மூலக்கூறுகளைச் சுரந்து அடுத்த தடுப்பையும் தகர்த்து மூளைக்குள் புகுகிறது. தடுப்பு தளர்ந்ததும் மேலும் டி செல்கள், பி செல்கள், மோனோசைட்டுகள் பின்தொடர்கின்றன. உள்ளே வந்த மோனோசைட்டுகள் மேக்ரோபேஜ்களாக மாறி மையலினை உரித்து விழுங்குகின்றன. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது ரத்தத்தில் செலுத்தும் கடோலினியம் கசிந்து பளிச்சிடும் இடங்கள் இத்தகைய புதிய திட்டுகளே.

இந்த வழியை அடைத்தால் நோய் நிற்குமா என்பதற்கு விடை தந்தது நேட்டலிசுமாப். ஆல்பா-4 இன்டெக்ரினை மூடிவிடும் இந்த ஆன்டிபாடி மருந்து, 2006-ல் வெளியான பெரிய சோதனையில் நோயின் தாக்குதல்களை 68 சதவீதம் குறைத்தது. அதே மருந்து வேறொரு உண்மையையும் வெளிப்படுத்தியது. 2004-ன் இறுதியில் ஒப்புதல் பெற்ற அது, சில மாதங்களிலேயே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மருந்து பெற்ற சிலருக்கு, பெரும்பாலோர் உடலில் அடங்கிக் கிடக்கும் ஜேசி வைரஸ் மூளையில் பெருகி உயிருக்கே ஆபத்தை உண்டாக்கியிருந்தது. டி செல்கள் ஆரோக்கியமான மூளையிலும் ரோந்து சுற்றிக் காவல் காக்கின்றன. அவற்றை அடியோடு தடுத்தால் காவலும் போய்விடுகிறது. கடும் கண்காணிப்பு நிபந்தனைகளுடன் 2006-ல் மருந்து மீண்டும் வந்தது. 2010-ல் ஒப்புதல் பெற்ற பிங்கோலிமாட் வேறு வழியைக் கையாள்கிறது: டி செல்களையும் பி செல்களையும் நிணநீர் முடிச்சுகளிலிருந்து வெளியேற விடாமல் தடுக்கிறது.

எதிர்பாராத விளைவுகளும் பாடம் புகட்டின. வைரஸை எதிர்க்கும் என்ற நம்பிக்கையில் நோயாளிகளுக்குக் காமா இன்டர்பெரான் கொடுத்துப் பார்த்தபோது தாக்குதல்கள் அதிகரித்தன. 1987-ல் இது வெளியானது. முடக்குவாதத்தில் நல்ல பலன் தரும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்து வகையும் எம்.எஸ். நோயை மோசமாக்கியது. ஒரு மூட்டில் அழற்சியைத் தணிக்கும் வழி மூளையில் அதைத் தூண்டலாம் என்பது அதிலிருந்து தெளிவானது.

பி செல்கள்

பி செல்கள் ஆன்டிபாடி தயாரிக்கும் செல்களாக முதிர்பவை. 1942-ல் எல்வின் கபாட், எம்.எஸ். நோயாளிகளின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலின் மிகுந்திருப்பதைக் கண்டார். இத்திரவத்தை ஜெல்லில் ஓடவிட்டால், ரத்தத்தில் காணப்படாத தனித்தனிப் பட்டைகள் பத்தில் ஒன்பது நோயாளிகளிடம் தெரிகின்றன. மூளைக்கு உள்ளேயே குடியேறிய சில பி செல் குடும்பங்கள் அங்கேயே ஆன்டிபாடி உற்பத்தி செய்கின்றன என்பதே இதன் பொருள். ஆலிகோகுளோனல் பட்டைகள் எனப்படும் இவை இன்றும் நோயை உறுதிப்படுத்த உதவும் சோதனை.

இருந்தும் பி செல்கள் வெறும் பக்கவாத்தியம் என்றே வெகுகாலம் கருதப்பட்டது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹௌசர் தலைமையில் 104 நோயாளிகளிடம் நடந்து 2008-ல் வெளியான சோதனை அந்த எண்ணத்தைக் கலைத்தது. சிடி20 என்ற அடையாளம் கொண்ட பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப், மூளையில் புதிதாகப் பளிச்சிடும் திட்டுகளை 91 சதவீதம் குறைத்தது.

இந்த முடிவில் ஒரு புதிர் இருந்தது. ஆன்டிபாடியைச் சுரக்கும் முதிர்ந்த பிளாஸ்மா செல்களில் சிடி20 கிடையாது. ஆகவே ரிட்டுக்சிமாப் அவற்றைத் தொடவில்லை. திரவத்திலுள்ள பட்டைகளும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஆனாலும் சில வாரங்களிலேயே தாக்குதல் அடங்கியது. அப்படியானால் பி செல்களின் தீங்கு முதன்மையாக ஆன்டிபாடியால் வருவதல்ல. அவை டி செல்களுக்கு ஆன்டிஜெனைக் காட்டித் தூண்டுகின்றன; அழற்சியை வளர்க்கும் சைட்டோகைன்களையும் சுரக்கின்றன. டி செல்லா பி செல்லா என்ற விவாதம் இத்துடன் அர்த்தமிழந்தது. இரண்டும் சேர்ந்தே நோயை நடத்துகின்றன. இதே வழியில் உருவான ஆக்ரலிசுமாப் 2017-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தொடக்கத்திலிருந்தே படிப்படியாக மோசமாகும் எம்.எஸ். வகைக்கும் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுவே.

எப்ஸ்டீன்-பார் வைரஸின் பங்கு

பி செல்களை முன்னுக்குக் கொண்டுவந்த இன்னொரு சான்று வைரஸ் ஆய்விலிருந்து கிடைத்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகின் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைத் தொற்றியிருக்கிறது. அது ஆயுள் முழுவதும் தங்குமிடம் பி செல்களே. ஹார்வர்டின் ஆல்பர்ட்டோ அஷெரியோ குழு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் சேமித்த ரத்த மாதிரிகளைப் பயன்படுத்தி 2022-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பணிக்காலத்தில் எம்.எஸ். கண்ட 955 பேரில் தொற்று நிலை ஆராயப்பட்ட 801 பேரில், நோய் தொடங்கும் முன் இவ்வைரஸ் தொற்றாதவர் ஒருவர்தான். தொற்றுக்குப் பின் நோய் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. வேறு பொதுவான வைரஸ்களுக்கு இத்தகைய தொடர்பு தெரியவில்லை.

அதே ஆண்டில் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், சில நோயாளிகளின் தண்டுவடத் திரவத்தில் கிடைத்த ஓர் ஆன்டிபாடி, வைரஸின் இபிஎன்ஏ1 புரதத்தையும் மூளையின் கிளியல்கேம் புரதத்தையும் ஒருசேரப் பற்றுவதைக் காட்டினார்கள். வைரஸை எதிர்த்து உருவான ஆயுதம், உருவ ஒற்றுமையால் சொந்தத் திசுவை நோக்கித் திரும்புகிறது. வைரஸ் மட்டுமே காரணமாக இருந்தால் உலகில் பெரும்பாலோருக்கு எம்.எஸ். வந்திருக்க வேண்டும். எனவே அது தேவையான படி. தனித்துப் போதுமான காரணமல்ல. மரபணு அமைப்பு, புகைபிடித்தல், வளரிளம் பருவத்து உடல்பருமன், வைட்டமின் டி குறைவு ஆகியவையும் சேரும்போதே வாய்ப்பு கூடுகிறது.

மைக்ரோகிளியா: நீறு பூத்த நெருப்பு

மூளைக்கென்றே சொந்தமான நோயெதிர்ப்பு செல்கள் மைக்ரோகிளியா. 1919-ல் ஸ்பெயினின் பீயோ டெல் ரியோ ஒர்டேகா இவற்றைத் தனி வகையாக அடையாளம் கண்டார். மற்ற வெள்ளையணுக்களைப் போல இவை எலும்பு மஜ்ஜையிலிருந்து வருவதில்லை. கருவின் தொடக்க நாட்களிலேயே மூளைக்குள் குடியேறி அங்கேயே பெருகுகின்றன. சிதைவுகளை விழுங்கித் துப்புரவு செய்வது, நரம்பு இணைப்புகளைச் சீரமைப்பது இவற்றின் அன்றாட வேலை.

எம்.எஸ். நோயில் இவை இரு முகம் காட்டுகின்றன. சிதைந்த மையலினை இவை அகற்றினால்தான், அருகிலுள்ள முன்னோடி செல்கள் புதிய ஆலிகோடென்ட்ரோசைட்டுகளாக வளர்ந்து உறையை மீண்டும் நெய்ய முடியும். சில திட்டுகளிலோ தூண்டப்பட்ட மைக்ரோகிளியா அடங்குவதே இல்லை. திட்டின் விளிம்பில் இரும்புச்சத்தைச் சுமந்தபடி வளையமாக நின்று, நீறு பூத்த நெருப்பாக ஆண்டுக்கணக்கில் சுற்றுப்புறத்தை அரித்துக்கொண்டே இருக்கின்றன. சிறப்பு எம்.ஆர்.ஐ. முறைகளில் இந்த இரும்பு வளையம் கரிய கோடாகத் தெரியும். இத்தகைய திட்டுகள் அதிகமுள்ளவர்களுக்கு ஊனம் விரைவில் வருகிறது.

எம்.எஸ். இரு விதமாக நடந்துகொள்வதற்கான விளக்கமும் இங்கேதான் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலோருக்குத் திடீர்த் தாக்குதலும் பிறகு தேறுதலும் மாறி மாறி வரும். அது வெளியிலிருந்து அலையலையாக வரும் டி, பி செல்களின் வேலை. பின்னாளில் தாக்குதல்கள் குறைந்தாலும் நடை மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டே போகும். அந்தக் கட்டத்தில் தடுப்புச் சுவர் பெரும்பாலும் மூடியிருக்கும்; அழற்சி உள்ளேயே குடிகொண்டிருக்கும். மூளையைப் போர்த்தியுள்ள சவ்வுகளில் பி செல்கள் கூட்டமாகத் தங்கி அடியிலுள்ள புறணியைச் சேதப்படுத்துகின்றன. திசுவுக்குள் மைக்ரோகிளியா ஓயாமல் செயல்படுகின்றன. ரத்தத்திலுள்ள செல்களைக் குறிவைக்கும் மருந்துகள் இந்தக் கட்டத்தில் பெரிதும் பலனிழப்பது இதனால்தான்.

மூளைக்குள் சென்று மைக்ரோகிளியாவையும் பி செல்களையும் அடக்கும் மருந்துகள் இப்போது சோதிக்கப்படுகின்றன. பிடிகே என்ற நொதியைத் தடுக்கும் டோலிபுருட்டினிப், தாக்குதல் நின்றபின் மெல்ல மோசமாகும் நிலையிலுள்ளவர்களிடம் ஊனம் பெருகும் வாய்ப்பை 31 சதவீதம் குறைத்ததாக 2025-ல் முடிவு வெளியானது. கல்லீரல் பாதிப்பு அதன் கவனிக்க வேண்டிய பக்கவிளைவு.

ஒத்த தோற்றம், வேறு நோய்

நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோயும் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும். ஆசிய நாடுகளில் இது வெகுகாலம் எம்.எஸ். நோயின் ஒரு வகை என்றே எண்ணப்பட்டது. 2004-ல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் இந்நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு தனி ஆன்டிபாடியைக் கண்டார்கள். அக்வாபோரின்-4 என்ற நீர்க்கால்வாய்ப் புரதத்தைத் தாக்கும் அந்த ஆன்டிபாடியே அங்கு நேரடிக் குற்றவாளி. எம்.எஸ். நோய்க்குத் தரப்படும் பீட்டா இன்டர்பெரான் இந்நோயை மோசமாக்கும். இந்தியாவில் எம்.எஸ். ஐரோப்பாவைவிட மிகக் குறைவு என்பதால், சிகிச்சைக்கு முன் இந்த ரத்தப் பரிசோதனையைச் செய்து இரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது.

சிகிச்சைக்கான பாடம்

1993-ல் பீட்டா இன்டர்பெரான் வருமுன் எம்.எஸ். நோயின் போக்கை மாற்றும் மருந்தே இல்லை. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகள் உள்ளன. வெளியிலிருந்து வரும் நோயெதிர்ப்பு செல்களைத் தடுப்பதில் அவை நல்ல வெற்றி கண்டிருக்கின்றன. உள்ளே குடியேறிவிட்ட செல்களை அடக்குவதிலும், இழந்த உறையை மீட்பதிலும் அந்த அளவு வெற்றி இன்னும் இல்லை. ஆகவே நோய் வெளித் தாக்குதலாக இருக்கும் முதல் ஆண்டுகளில் தொடங்கும் சிகிச்சையே அதிகப் பலன் தருகிறது. இளவயதில் ஒரு கண் பார்வை வலியோடு மங்கினாலோ, கை கால் மரத்துப்போய் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரை அணுக வேண்டும். அறிகுறி மறைந்தாலும் நோய் மறைந்ததாகப் பொருளில்லை.